நீர்மூழ்கியில் போனவர்களுக்குத் தைத்த பனியன்

எங்கள் கம்பெனி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சாம்பிள் பிரிவுப் பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது அந்த அறையில் தையல் மெஷின்கள் குறைந்து கம்ப்யூட்டர் திரைகள் கூடிவிட்டன. திரைக்குள் ஒரு பொம்மை நிற்கிறது. அதற்கு டி-சர்ட் மாட்டி, கையைத் தூக்கவைத்து, ஒரு சுற்றுச் சுற்றவைத்து அனுப்பினால் வெளிநாட்டுக்காரர் அங்கிருந்தபடியே சரி என்கிறார். ஒரு அங்குலத் துணி வெட்டாமல் சாம்பிள் முடிந்துபோகிறது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. எங்கள் காலத்திலேயே இது வந்திருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, "லூர்தக்கா, நீங்க செஞ்சதுலயே கஷ்டமான சாம்பிள் எது?" என்று கேட்டாள். வெள்ளை முழுக்கைப் பனியன் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பிரின்ட் இல்லை, எம்பிராய்டரி இல்லை, கழுத்தில் மூன்று பொத்தான், அவ்வளவுதான். ஆனால் அதைப்போல் என்னை யோசிக்கவைத்த உருப்படி வேறில்லை. அதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பதினேழு வயதில் சித்தியோடு திருப்பூர் வந்து பிசிறு வெட்டினேன், கைமடித்தேன், பிறகு பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில் உட்கார்ந்தேன். ஓவர்லாக் பழகி, ஃபிளாட்லாக் பழகி, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, ஒருநாள் சாம்பிள் அறைக்கு ஆள் பற்றாக்குறை என்று என்னை மாற்றினார்கள். ஒரு மாதத்துக்கு என்று சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

சாம்பிள் பிரிவு மேனேஜர் நாச்சிமுத்து சார் காங்கேயத்துக்காரர், ஆறடி, நல்ல கனத்த உடம்பு. அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. தைத்த உருப்படியைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். தோள், பக்கத்தையல், கை சேருமிடம் என்று விரல் போகும். ஓரிடத்தில் நிற்கும். "ஏனுங் லூர்து, இன்னொருக்காப் பாத்தறலாமுங்களா?" என்பார். பிரித்துத் தைக்க வேண்டும் என்று அர்த்தம். கோபக்கார மேனேஜர்களிடம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட அந்த 'பாத்தறலாமுங்களா'தான் பயம்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த சாம்பிளையும் தானே போட்டுப் பார்ப்பார். பெண்கள் உடுப்பு, சின்ன அளவு என்றெல்லாம் கணக்கில்லை. சட்டைக்கு மேலேயே நுழைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, மேலே அலமாரியில் எதையோ எடுப்பதுபோல் கையைத் தூக்குவார். நுழையாததைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். உடுப்பு என்பது மேசைமேல் கிடக்கிற சாமான் கிடையாது, அதற்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்பது அவர் எண்ணம்.

அவருடைய மேசைக்குத்தான் அந்த ஆர்டர் வந்தது. எங்களிடம் வழக்கமாக வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனி ஒன்று, தங்கள் ஊர் மியூசியத்துக்கு ஒரு உதவி என்று கேட்டிருந்தது. மற்றவர்கள் என்றால் இவ்வளவு குறைந்த உருப்படியா என்று தள்ளியிருப்பார்கள். சார் மெயிலைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "நீர்மூழ்கிக் கப்பல்ல போனவங்களுக்குப் பனியனுங்களாமா" என்றார். அவர் முகத்தில் ஆர்வம் தெரிந்தது. எனக்கும் பிடித்துக்கொண்டது. கடல் பக்கத்துப் பெண் என்றாலும் நீர்மூழ்கியைப் படத்தில் பார்த்ததோடு சரி.

சில வாரங்களில் மியூசியத்திலிருந்து இங்கிரிட் என்ற பெண்மணி நேரிலேயே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைப்பெட்டி ஒன்றைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல சார் எனக்குத் தமிழில் சொன்னார்.

அவருடையது வடகோடியில் ஒரு சின்னத் துறைமுக ஊர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அங்கிருந்து புறப்பட்ட ஒரு நீர்மூழ்கி திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எங்கே மூழ்கியது என்று பல காலம் யாருக்கும் தெரியாமல் இருந்து, அண்மையில்தான் கடலடியில் கண்டுபிடித்திருந்தார்கள். துறைமுகத்தில் பெயர் வெட்டிய கல் முன்பே உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தார் படகில் போய்ப் பூப்போடுவார்கள். இப்போது மியூசியத்தில், அவர்கள் தூங்கிய அறையை அதே அளவில் கட்டுகிறார்கள்.

கண்டுபிடித்தாயிற்றே, ஏன் தூக்கி வெளியே கொண்டுவரவில்லை என்று கேட்டேன். அவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள், கல்லறையைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம் என்றார் இங்கிரிட். உள்ளிருந்து ஒரு கரண்டியைக்கூட எடுக்கவில்லையாம். அப்படியானால் மியூசியத்தில் வைக்க என்ன இருக்கிறது? அதற்குத்தான் எங்களிடம் வந்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு பனியன், அவரவர் படுத்த இடத்தில் தொங்கும். கப்பலில் கட்டில் குறைவு. ஒருவர் வேலைக்கு எழுந்து போனால் இன்னொருவர் அதே கட்டிலில் வந்து படுப்பார். ஆகவே பல கட்டிலில் இரண்டு பனியன் தொங்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தார். மெல்லிய காகிதத்துக்குள் பழுப்பேறிய பனியன் ஒன்று. அந்தக் கப்பலில் போன நீல்ஸ் என்ற இளைஞனுடையது. வீட்டில் விட்டுப் போனதால் தப்பியது. தங்கச்சி இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அந்தக் கிழவி அப்போது உயிரோடிருந்தார், தொண்ணூறை நெருங்கிக்கொண்டு. அவர் கண்மூடுவதற்குள் அறையைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் இங்கிரிட்டின் அவசரம்.

பழைய துணியை நகலெடுக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, நூலை உருவி, தடிமன் பார்த்து, எத்தனை கண்ணி என்று எண்ணி, பிறகு துணி பின்னுகிற நிட்டிங்குக்குச் சொல்வோம். இதில் வெட்டக்கூடாது, உருவக்கூடாது, இழுத்து அளக்கக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து, விரித்தது விரித்தபடி கிடக்க மேலிருந்து எண்ணினேன். தடித்த பருத்தி நூல், ரிப் பின்னல், நம் ஆட்கள் குளிருக்குப் போடுகிற பனியனைவிட இரண்டு மடங்கு கனம். சார் வழக்கம்போல் கண்ணை மூடினார், ஆனால் தொடவில்லை. துணிக்கு மேலே காற்றில் விரலை ஓட்டிவிட்டு, இங்கிரிட்டிடம் ஒருமுறை தொடலாமா என்று அனுமதி கேட்டார். கையுறையோடு தடவியவர் விரல் இடது தோளில் நின்றது. "இங்க மட்டும் தேஞ்சிருக்குதுங்க" என்றார்.

உண்மைதான். மற்ற இடமெல்லாம் கனமாக இருக்க, இடது தோள் மட்டும் வெங்காயச் சருகுபோல் மெலிந்திருந்தது. அங்கே ஒரு கிழிசல் இழையோட்டி அடைக்கப்பட்டிருந்தது. கோணல்மாணலான தையல். ஊசி பிடித்துப் பழகாத ஆண்பிள்ளை கப்பலிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன். ஆனால் தோள் ஏன் தேய்ந்தது? இங்கிரிட்டுக்கும் தெரியவில்லை. அத்தனை வருஷம் அந்தப் பனியனை யாரும் அப்படிப் பார்த்ததில்லையாம்.

சாருக்கு அது தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. இங்கிரிட்டிடம் கட்டில் அளவைக் கேட்டு வாங்கி, துணி குடோனில் ரோல் அடுக்குகிற தட்டுகளில் ஒன்றை அதே அகலத்துக்கு, அதே உயரத்தில் மேல்பலகை வைத்துத் தயார் செய்யச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவரே உள்ளே நுழைந்து படுத்தார். நிட்டிங் ஆட்கள் எட்டிப்பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மல்லாந்து படுத்தால் மூக்குக்கு மேல் பலகை. ஒருக்களித்தபோது இடது தோள் மேல்பலகையில் உரசியது. "இதானுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. எனக்கும் அதுதான் என்று பட்டது. இங்கிரிட்டின் கண் விரிந்தது. ஆனாலும் தங்கச்சியைக் கேட்காமல் இதை எழுதி வைக்க முடியாது என்றார்.

அன்று மத்தியானமே போன் போட்டார். எதிர்முனையில் கிழவி சிரிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. இங்கிரிட்டும் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்று நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்கள் வீட்டில் மாடு வளர்த்தார்கள். லீவில் வந்தால் நீல்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் பால் கேன்களைத் தடியில் மாட்டி இடது தோளில் வைத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடப்பானாம். கடைசி லீவில் தோள் கிழிந்துவிட்டது. தைத்து வை, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். தைத்தது அந்தத் தங்கச்சி. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. பனியன்காரர்கள் பார்த்துவிட்டார்களா, மோசமாகத் தைத்திருக்கிறேனே என்று வெட்கப்பட்டாராம்.

எங்கள் ஊகம் இரண்டும் பொய்த்தது. ஆனால் சாருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். "மாட்டுக்காரப் பையனுங்க. நம்ம பக்கத்து ஆளு மாதரயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. சாம்பிள் தைத்து முடித்தோம். நூல், எடை, அளவு எல்லாம் பொருந்தியது. சார் போட்டுப் பார்த்து, முதல் தடவையாக 'இன்னொருக்கா' சொல்லவில்லை. ஆனால் இங்கிரிட் அதை ஹேங்கரில் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கடை மாதிரி இருக்கிறது, காதர்பேட்டை பனியன் கடைகளில் பார்த்தேனே, அப்படி இருக்கிறது என்றார். புதுத் துணியில் ஆள் இல்லை. பழையதுபோல் ஆக்க முடியுமா? முடியும், அது எங்களுக்குத் தினப்படி வேலை. கல்லோடு போட்டு அலசலாம், உப்புத்தாள் வைத்துத் தேய்க்கலாம். எல்லாப் பனியனிலும் இடது தோளை மெலியவைத்து, மூலத்தைப் போலவே ஒரு தையலும் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன்.

சார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அவ்வளவு நேராக மறுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"அது பால் சொமந்த தோளுங்க. அந்தப் பையனோட தோளு. அதைக் கொண்டுபோயி எல்லாத்துக்கும் வெக்கறது ஞாயமில்லீங்க. மத்தவங்க என்னத்தச் சொமந்தாங்களோ நமக்குத் தெரியாதுங்களே."

இங்கிரிட்டும் அதையே வேறுவிதமாகச் சொன்னார். மியூசியத்தில் பொய்த் தேய்மானம் வைத்தால் பார்ப்பவரை ஏமாற்றுவதாகும். புதிதாக வைத்தாலோ உயிரில்லை. இரண்டுக்கும் நடுவில் மூவரும் வழி தேடினோம். கடைசியில் சார் மெதுவாக, நம் ஆட்கள் போட்டு உழைக்கட்டுமே என்றார். ஆளுக்கு ஒன்று கொடுப்போம். சில மாதம் வேலைக்குப் போட்டு வரட்டும். அவரவர் உடம்பு அவரவர் பனியனைப் பழசாக்கட்டும். அது பொய்யில்லையே.

இங்கிரிட் ஊருக்குப் போய்த் தன் மியூசியத்தில் பேசி, குடும்பங்களிடமும் கேட்டுப் பதில் அனுப்பினார். சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை. இவற்றை உடுத்தித் தேய்த்தவர்கள் திருப்பூர்த் தொழிலாளர்கள் என்று வாசலில் எழுதி வைப்போம். யாரிடமும் மறைக்கமாட்டோம்.

அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள்தான் சம்மதிக்கவில்லை. சாப்பாட்டு ஹாலில் சார் விஷயத்தைச் சொன்னதும் ஒரே முணுமுணுப்பு. செத்தவங்க துணி என்றார்கள். புதுத்துணிதான் என்றால், செத்தவங்க பேருக்குத் தச்சது என்றார்கள். வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது, மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஆளுக்கொரு காரணம். யாரையும் குறை சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் டையிங்கில், சாயப்பட்டறையில், பாய்லர் பார்த்தார். அவருடைய அண்ணன் தோணியில் சரக்கேற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. உடம்பு கிடைக்காததால் கல்லறையும் இல்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரி கொளுத்தும்போது என் மாமியார் அந்த மகனுக்கு எங்கே கொளுத்துவதென்று தெரியாமல் அடுத்தவர் கல்லறை ஓரத்தில் கொளுத்துவார்.

"ஒன் சாம்பிளுக்கு வேற ஆளப் பாரு. எங்கேயோ என்னைக்கோ போனவனுக்கெல்லாம் கட்டில் போட்டுப் பனியன் தொங்கவிடுதாங்க. எங்கண்ணனுக்கு ஒரு மெழுகுதிரிக்கு எடமில்ல" என்றார்.

நான் மறுபடி கேட்கவில்லை.

சாப்பாட்டு ஹாலில் முதலில் சம்மதித்து எழுந்தவர் சுதாம். ஒடிசாக்காரர், அயர்ன் டேபிளில் நிற்பவர், நாற்பதை ஒட்டிய வயது. எங்கள் ஊரில் பல வருஷம் இருந்து எங்களைவிட அதிகமாக 'ங்க' போட்டுத் தமிழ் பேசுவார். சார் கட்டில் விவரத்தைச் சொன்னபோது கவனித்திருக்கிறார். ஒருவர் எழுந்து போனதும் இன்னொருவர் அதில் படுப்பாரா என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். வேலம்பாளையத்தில் அவர் அறையிலும் அப்படித்தான். பகல் ஷிப்ட்காரர் வந்து படுக்கும் பாயில் நைட் ஷிப்ட்காரரின் சூடு இருக்கும். "நமக்குத் தெரிஞ்ச வாழ்க்கைதானுங்க. எனக்கு ஒண்ணு குடுங்க" என்றார்.

அவர் அறைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிறகு கட்டிங் மாஸ்டர், பிறகு லோடு ஏற்றுபவர்கள். செக்கிங்கில் ஒரு விதவை, புருஷன் சட்டையைத்தான் இத்தனை வருஷமும் சேலைமேல் போட்டு வேலைக்கு வருகிறேன், எனக்கென்ன பயம் என்று வாங்கினாள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாச்சிமுத்து சார் யாரையும் வற்புறுத்தவில்லை. மறுநாள் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேலே சட்டை இல்லாமல், அதோடேயே கம்பெனி கேட்டுக்குள் நடந்து வந்தார். அந்த வாரத்தில் மிச்சம் தீர்ந்தது.

பனியன்களைக் கொடுத்தது தை கழிந்து. பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கனத்த முழுக்கைப் பனியனைப் போட்டு ஆட்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. கையைச் சுருட்டிவிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சுருட்டுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், வெட்டாமல் இருந்தால் போதும் என்று சார் சொல்லிவிட்டார். நம் ஊர் உப்புத்தண்ணீரில் அலசி அலசி வெள்ளை மங்கிக்கொண்டே வந்தது. சாயம் கெடும் என்று டையிங்காரர்கள் பயப்படுகிற அதே தண்ணீர்தான். ஆடிக்காற்றில் திரும்ப வாங்கியபோது மூலத்தின் பழுப்புக்கு வெகு பக்கத்தில் வந்திருந்தது.

சாம்பிள் மேசையில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினோம். என் வேலையில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஒரே நூல், ஒரே அளவு, ஒரே மெஷின், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சுதாமுடையதில் அயர்ன் மேசை விளிம்பு இடிக்கும் வயிற்றுப் பக்கம் பட்டையாகத் தேய்ந்திருந்தது. கட்டிங் மாஸ்டருக்கு வலது முன்கை. லோடுக்காரர்களுக்குப் பிடரி. இன்ச் டேப் எப்போதும் என் கழுத்தில் கிடப்பதால் என்னுடையதில் கழுத்துப்பட்டி ஓரம் மட்டும் பஞ்சு எழும்பியிருந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவி, இது இன்னார், இது இன்னார் என்று சொல்லிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார். தன்னுடையதை மட்டும் வேறு யாருடையதோ என்றார். நாங்கள் சிரித்தோம்.

அலசி, மடித்து, இங்கிரிட்டுக்கு அனுப்பினோம்.

என் வீட்டுக்காரர் கடைசிவரை போடவில்லை. ஆனால் பனியன்களை அனுப்பிய பிறகு ஒருநாள், அந்த ஊர்த் துறைமுகக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பேரும், பிறந்த வருஷமும், கப்பல் பேரும் மட்டும்தான் என்று இங்கிரிட் சொன்னதைச் சொன்னேன். செத்த தேதி இல்லையா என்றார். அது யாருக்கும் சரியாகத் தெரியாதாம் என்றேன். அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனபோது பங்குச் சாமியாரைப் பார்த்துப் பேசினார். இப்போது என் மாமனார் கல்லறைச் சிலுவையின் அடியில் அண்ணன் பேரும், பிறந்த வருஷமும், தோணி பேரும் இருக்கிறது. மாமியார் அங்கேதான் திரி கொளுத்துகிறார்.

மியூசிய அறை திறந்த அன்று இங்கிரிட் வீடியோ காலில் வந்தார். சார் தன் கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு ஹால் மேசையில் வைத்து, பனியன் போட்டவர்களை எல்லாம் கூப்பிட்டார். இருட்டான இடுக்கு அறை. இரண்டு பக்கமும் அடுக்குக் கட்டில். ஒவ்வொன்றிலும் எங்கள் ஆட்களின் பனியன். கடையைப்போல் இல்லை. இப்போதுதான் கழற்றி மாட்டிவிட்டு யாரோ பக்கத்து அறைக்குப் போனதுபோல் இருந்தது.

சக்கர நாற்காலியில் தங்கச்சிக் கிழவி வந்தார். அண்ணன் கட்டிலில் அவருடைய பழைய பனியனே கண்ணாடிக்குள் இருந்தது. அதை அவர் வெகுநேரம் பார்ப்பார் என்று நினைத்தேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியைத் தள்ளச் சொல்லி, அதே கட்டிலின் மறுகோடியில் தொங்கிய இன்னொரு பனியனிடம் போனார். நீல்ஸோடு மாறி மாறிப் படுத்தவனுடைய இடம். வயிற்றுப் பக்கம் பட்டையாகத் தேய்ந்திருந்த பனியன். அதைக் கையில் பிடித்துத் தடவினார். ஏதோ கேட்டார்.

இதைப் போட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிறார் என்றார் இங்கிரிட்.

சார் சுதாமைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். கிழவி திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்து அவரைப் பார்த்தார். சுதாம் கும்பிட்டார். அவரும் கையைத் தூக்கினார். பிறகு மெல்லிய குரலில் இன்னொன்று கேட்டார். இங்கிரிட் சொல்ல, சார் தமிழில் சொன்னார்.

"உங்களுக்கு இறுக்கமா இருந்துச்சான்னு கேக்கறாங்கொ."

சுதாம் திரையைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்.

"இல்லீங்கம்மா. சரியா இருந்துச்சுங்க."